பழைய பேரேட்டை மூடுமுன்

2024 ஆம் ஆண்டின் பரிசுத்த வாரத்தில் எங்கள் சேமிப்புக் கடன் சங்கத்தில் கணக்கெழுதும் பிள்ளை கோவிலுக்கு வரவில்லை. பெரிய வியாழனன்றும் வரவில்லை. பெரிய வெள்ளியன்றும் வரவில்லை. உயிர்ப்புப் பெருவிழாவின் இரவுத் திருப்பலியில் பாடகர் குழுவில் அவருடைய இடம் வெறுமையாக இருந்தது. நோயும் இல்லை, துக்கமும் இல்லை. கடுகண்ணாவையில் உள்ள எங்கள் சிறிய அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் அமர்ந்து, கைப்பேரேட்டிலும் பழைய கணினி முறையிலும் இருந்த கணக்குகளைப் புதிய மென்பொருளுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார். ஏப்ரல் முதலாந் திகதி திங்கட்கிழமை காலை புதிய முறை ஆரம்பமாக வேண்டும் என்று நாள் குறிக்கப்பட்டிருந்தது. அந்த நாளைக் குறித்தவன் நான்.

பழைய முறையை நிறுத்திவிட்டு, புதிய மென்பொருளில் உண்மையான காசுக் கணக்கை நடத்தத் தொடங்கும் நாளைக் கணினிக்காரர்கள் 'கோ லைவ்' நாள் என்பார்கள். பெரிய வங்கிகளில் இதற்கென்று தனிக் குழுக்கள் உண்டு. எங்களிடம் இருந்தவர் ஒரு பெண்பிள்ளை. மார்ச் 31 உடன் கணக்காண்டு முடிகிறது. நிதி உதவி செய்தவர்களுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். மென்பொருளைத் தந்த நிறுவனத்தின் ஆள் அந்த வாரத்தில் மட்டுமே வர முடியும். இவற்றையெல்லாம் யோசித்துத் திகதியைத் தீர்மானித்தேன். இன்னும் இரண்டு வாரத்தில் சித்திரைப் புத்தாண்டு வருகிறது, பிள்ளைகளுக்குத் துணி எடுக்கவும் வீட்டுச் செலவுக்கும் சேமிப்பை எடுக்க எல்லாரும் ஒன்றாக வருவார்கள் என்பதை யோசிக்கவில்லை. எங்களுக்கு வசதியான நாள் எது என்று பார்த்தோமே தவிர, உங்களுக்கு வசதியான நாள் எது என்று கேட்கவில்லை.

வரிசையில் நின்றவர்கள்

முதல் நாளே ஒரு தாய் வந்தார். மண்சரிவில் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு இறங்கி, உறவினர் வீட்டுப் பின்புறத்தில் ஒரு அறையில் குடியிருப்பவர். விதைக் கடனைத் தவணை தவறாமல் கட்டி முடித்தவர். கணினி அவருடைய பெயரில் கடன் பாக்கி இருப்பதாகவும், சேமிப்பு ஒன்றுமே இல்லை என்றும் காட்டியது. "சுவாமி, நான் கட்டின காசு எங்கே போனது?" என்று கேட்டார். அவர் சத்தம் போடவில்லை. பிளாஸ்டிக் பையிலிருந்து பாஸ் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். அதில் ஒவ்வொரு தவணையும் எங்கள் பிள்ளையின் கையெழுத்தோடு இருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் சென்றது. அவருடைய பழைய அடையாள அட்டையில் 9 இலக்கமும் 'வீ' என்ற ஆங்கில எழுத்தும் இருந்தன. 2016 இலிருந்து வழங்கப்படும் புதிய அட்டைகளில் 12 இலக்கங்கள் உள்ளன. மண்சரிவில் பழைய அட்டை தொலைந்து, புதியதை எடுத்துக்கொண்டு வந்துதான் அவர் கடன் கேட்டார். ஆகவே சேமிப்பும் தவணைகளும் பழைய இலக்கத்தில், கடன் புதிய இலக்கத்தில். பேரேட்டில் எழுதும் பிள்ளைக்கு இருவரும் ஒருவரே என்று முகத்தைப் பார்த்தாலே தெரியும். கணினிக்கு முகம் தெரியாது. அது ஒரு தாயை இரண்டு ஆளாக்கி, ஒருவரைக் கடன்காரி என்றும் மற்றவரை வேறு யாரோ என்றும் பதிந்துகொண்டது.

அவரைப் போலப் பலர் வந்தார்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு பதிந்தவர், கணவன் பெயரோடு பதிந்தவர், சிங்களத்தில் ஒரு விதமாகவும் தமிழில் வேறு விதமாகவும் பெயர் எழுதப்பட்டவர் என வரிசை வாசல் வரை நீண்டது. அட்டையைத் தொலைத்தவர்களும் முகவரி மாறியவர்களுமே அதில் அதிகம். ஓரிடத்தில் நிலையாக இருந்தவர்களின் கணக்கு பெரும்பாலும் சரியாகவே ஏறியிருந்தது. இடம்பெயர்ந்தவர்களின் கணக்கில்தான் பிழை விழுந்தது. இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

பழி யார் மேல்?

மூன்றாம் நாள் ஒரு கதை பரவியது. கணக்கெழுதும் பிள்ளை காசைத் தின்றுவிட்டது. அதை மறைக்கத்தான் கணினியை மாற்றுகிறார்கள் என்றார்கள். அந்தப் பிள்ளை நான்கு நாளாக ஒழுங்காக உறங்கவில்லை. மேசையில் தலை வைத்து அழுததை நான் கண்டேன். அதிலும் வேதனை, தானே எங்கோ பிழை விட்டிருப்பேன் என்று அவர் நம்பத் தொடங்கியிருந்தார்.

இது சின்ன விடயம் என்று யாரும் எண்ண வேண்டாம். பிரித்தானியாவில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அந்நாட்டுத் தபால் நிறுவனம் 1999 முதல் 'ஹொரைசன்' என்ற கணினிக் கணக்கு முறையைத் தன் கிளைகளில் புகுத்தியது. 2010 இல் அதன் புதிய பதிப்பைக் கொண்டுவந்தது. பல கிளைகளில் காசு குறைவதாகக் கணினி காட்டியது. குறைந்ததைக் கிளைப் பொறுப்பாளரே கட்ட வேண்டும் என்றார்கள். வேறு எவருக்கும் இப்படி ஒரு பிரச்சினை இல்லை என்று பலரிடம் சொல்லப்பட்டது. 1999 க்கும் 2015 க்கும் இடையில் 900 க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க் கணக்குப் போன்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறை சென்றார்கள், பலர் வீடு வாசலை இழந்தார்கள், உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. பிழை மென்பொருளில் இருந்தது. அலன் பேட்ஸ் என்ற முன்னாள் பொறுப்பாளரின் தலைமையில் 555 பேர் ஒன்றாகச் சேர்ந்து வழக்காடினார்கள். 2019 டிசெம்பரில் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புக் கூறியது. 2024 மே மாதத்தில் பாராளுமன்றமே ஒரு சட்டம் இயற்றி அந்தத் தண்டனைத் தீர்ப்புகளை நீக்க வேண்டியதாயிற்று.

படித்தவர்களும் சட்டத்தரணிகளும் நிறைந்த நாட்டில் இருபது வருடம் எடுத்தது. கணினி பொய் சொல்லாது, மனிதர்தான் பொய் சொல்வார் என்று அதிகாரத்தில் இருந்தவர்கள் நம்பியதே இதற்குக் காரணம். அப்படியானால் பாஸ் புத்தகம் ஒன்றைத் தவிர வேறு சாட்சி இல்லாத ஒரு விவசாயிக் குடும்பம் என்ன செய்யும்?

அஸ்வெசும கற்பித்தது

எங்கள் சங்கத்தில் சிறிதாக நடந்தது, நாடு முழுவதும் பெரிதாக நடந்ததை நாம் எல்லாரும் கண்டோம். 2023 ஜூலை முதலாந் திகதி முதல் அஸ்வெசும நலன்புரித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1990 களின் நடுப்பகுதியிலிருந்து இருந்துவந்த சமுர்த்தி உதவிப் பட்டியலின் இடத்தில், 22 குறிகாட்டிகளைக் கொண்டு கணினி கணக்கிடும் புதிய பட்டியல் வந்தது. சுமார் 37 இலட்சம் விண்ணப்பங்கள் சேர்ந்தன. 20 இலட்சம் குடும்பங்களுக்கு உதவுவது நோக்கம். மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா, வறிய குடும்பத்துக்கு 8,500 ரூபா, அதற்கடுத்த இரு பிரிவுகளுக்கும் 5,000 ரூபாவும் 2,500 ரூபாவும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது.

நோக்கம் நல்லது என்பதை மறுப்பதற்கில்லை. யார் ஏழை என்பதை ஊர்ப் பிரமுகரோ கட்சிக்காரரோ தீர்மானித்த காலத்தை நாம் அறிவோம். எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்று நாமே கேட்டிருக்கிறோம். ஆனால் பட்டியல் வெளியானபோது என்ன நடந்தது? 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் பிரதேச செயலகங்களில் குவிந்தன. கணக்குத் திறக்க வங்கிகளின் முன்னால் முதியவர்களும் கைக்குழந்தைக்காரரும் விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்றார்கள். ஜூலை மாதக் கொடுப்பனவு ஓகஸ்ட் மாத இறுதியில்தான் வரத் தொடங்கியது. அடிமட்ட உத்தியோகத்தர்கள் பாடும் பெரும்பாடாயிற்று. தாங்கள் தயாரிக்காத பட்டியலுக்குத் தாங்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அதன்பின் அரசாங்கம் ஒரு நல்ல காரியம் செய்தது. மேன்முறையீடு செய்த பழைய சமுர்த்திக் குடும்பங்களுக்கு, தீர்வு வரும்வரை பழைய கொடுப்பனவைத் தொடர முடிவெடுத்தது. முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர் ஆகியோரின் கொடுப்பனவுகளும் தொடர்ந்தன. புதியது சரியாக வேரூன்றும் வரை பழையதைப் பிடுங்காதே என்பதே இதன் கருத்து. இதை முதல் நாளிலேயே செய்திருந்தால் எத்தனை பேரின் கண்ணீர் மிச்சப்பட்டிருக்கும்!

பழையதை ஒரே நாளில் நிறுத்தினால் எதுவரை போகலாம் என்பதற்கு இந்தியாவில் ஒரு சாட்சி உண்டு. 2017 செப்டெம்பரில் ஜார்க்கண்ட் மாநிலத்தின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதார் இலக்கத்தோடு இணைக்கப்படவில்லை என்று அந்தக் குடும்பத்தின் பங்கீட்டு அட்டை நீக்கப்பட்டிருந்தது. பட்டினி என்றார் தாய். நோய் என்றார்கள் அதிகாரிகள். அந்த வீட்டுக்கு அரிசி வரவில்லை என்பது மட்டும் உண்மை.

இடம்பெயர்ந்தோர் எந்தப் பெட்டிக்குள்?

நாட்டில் 14,022 கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் உள்ளன. கணினியில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பிரிவு என்ற பெட்டிக்குள் இருக்க வேண்டும். ஆனால் இடம்பெயர்ந்த குடும்பத்தின் பெயர் ஒரு பெட்டியில், உயிர் வேறு பெட்டியில். 2016 மே 17 ஆந் திகதி அரநாயக்கவில் மலை சரிந்தபோதும், 2025 நவம்பர் 22 ஆந் திகதி பஹல கடுகண்ணாவையில் மண்மேடு சரிந்து 6 பேர் மாண்டபோதும், அதற்கு அடுத்த வாரமே டித்வா சூறாவளி வந்து நாடெங்கும் 600 க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோதும் இதையே கண்டோம். பஹல கடுகண்ணாவை கேகாலை மாவட்டம், சப்ரகமுவ மாகாணம். மேலே ஏறினால் கடுகண்ணாவை நகரம் கண்டி மாவட்டம், மத்திய மாகாணம். சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கச் சில மைல் மேலே வந்த குடும்பம், கணினியின் கணக்கில் மாகாணம் கடந்துவிடுகிறது.

உறவினரின் கல்வீட்டில் ஒதுங்கியிருப்பவரைச் சுவரும் கூரையும் பார்த்து எடைபோட்டால், வசதியானவர் என்ற தவறான படம் விழக்கூடும். தோட்ட லயத்தில் இருப்பவருக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கே போகிறது. இந்த விடயங்களையெல்லாம் எழுத மென்பொருளில் ஒரு கட்டம் இருக்கிறதா என்று, அது செய்யப்படும்போதே யாராவது கேட்க வேண்டும்.

மலையகத்தவர்களாகிய நம்மில் பலருக்குத் தாளின் கதை புதிதல்ல. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தகப்பன் பிறந்த தாளைக் கேட்டது. தாள் இல்லாதவர் நாடற்றவர் ஆனார். 1964 இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஆட்களைத் தலை எண்ணிப் பங்கு பிரித்தது. மிஞ்சியிருந்தவர்களுக்கு வழி திறந்த சட்டம் வந்தது 2003 இல். பதிவேட்டில் ஒரு வரி விடுபட்டால் அதைச் சரிசெய்ய மூன்று தலைமுறை செல்லலாம் என்பதை நம் பாட்டன்மார் வாழ்ந்து காட்டினார்கள். கணினியில் விடுபடும் வரியும் அத்தகையதே.

திட்டம் மனிதருக்காக

ஓய்வுநாள் பற்றி எழுந்த வாதத்தில் இயேசு யார் பக்கம் நின்றார் என்பதை நாம் அறிவோம். பசித்திருந்தவர்களின் பக்கம் நின்றார். சட்டம் மனிதருக்கு ஊழியம் செய்யவே வந்தது என்று காட்டினார். 1981 இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் மனித உழைப்புப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலில், தொழில்நுட்பம் மனிதனின் துணையாக இருக்க வேண்டியது, ஆனால் அது அவனுக்கு எதிரியாகவும் மாறலாம் என்று எச்சரித்தார். 2015 இல் பாப்பரசர் பிரான்சிஸ் இன்னும் அழுத்தமாக இதையே எழுதினார். அகுஸ்துவின் கட்டளைப்படி பெயர் பதியப் பெத்லகேமுக்கு நடந்த ஒரு கர்ப்பிணித் தாயின் கதையை ஒவ்வொரு நத்தாருக்கும் வாசிக்கிறோம். பதிவு செய்யும் நாளைக் குறித்தவர்கள் அந்தத் தாயை நினைக்கவில்லை. பரிசுத்த வாரத்தில் ஒரு பிள்ளையைக் கணினி முன் இருத்திய நான் மட்டும் நினைத்தேனா? அரசாங்கத்தைக் குறை சொல்வது எளிது. திருச்சபையின் நிறுவனங்களும் இதே பிழையைச் செய்கின்றன என்று ஒப்புக்கொள்வது கடினம்.

நான்காம் நாள் பழைய பேரேட்டைத் திரும்பத் திறந்தோம். பாஸ் புத்தகத்தில் உள்ளபடி புத்தாண்டுக் காசைக் கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும், பிழை இந்தப் பிள்ளையுடையது அல்ல, நாள் குறித்த என்னுடையது என்று சொன்னேன். மூன்று மாதம் இரண்டு கணக்கையும் சேர்த்து எழுதினோம். அப்போது பழைய கைப்பேரேட்டிலும் சில கூட்டல் பிழைகள் அகப்பட்டன. அதைக் கண்டுபிடித்தது கணினி. ஆகவே கணினி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்று எங்கள் அங்கத்தவர்கள் காசு கட்டியதும் கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. அது அவர்களுக்குப் பெரிய பலம்.

கேட்க வேண்டியவை

உங்கள் சங்கமோ வங்கியோ அரச அலுவலகமோ புதிய கணினி முறைக்கு மாறுவதாக அறிவித்தால், பின்வருவனவற்றைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

1. திகதியை எங்களோடு பேசித் தீர்மானியுங்கள். அறுவடை, புத்தாண்டு, பாடசாலை தொடங்கும் நாட்கள் வேண்டாம்.

2. குறைந்தது மூன்று மாதம் பழைய கணக்கையும் புதிய கணக்கையும் ஒன்றாக நடத்துங்கள். மாத முடிவில் இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்த்த பின்பே பழையதை நிறுத்துங்கள்.

3. கணினி இல்லை என்று சொன்னாலும், கையிலுள்ள புத்தகத்தைப் பார்த்து அவசரத் தேவைக்குக் காசு கொடுக்க அதிகாரமுள்ள ஒரு ஆளைக் கவுண்டரில் வையுங்கள்.

4. எங்களுக்கு விளங்கும் மொழியில் அச்சிட்ட பற்றுச்சீட்டுத் தாருங்கள்.

5. தரவுகளின் நகலை வேறோர் இடத்தில் வையுங்கள். 2021 இல் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் தரவுகள் பெருந்தொகையாக அழிந்துபோன செய்தியை நாடே கேட்டது.

6. வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஓய்வு கொடுங்கள். உறக்கமில்லாத கண் பதிக்கும் இலக்கத்தில் எங்கள் சேமிப்பு இருக்கிறது.

உங்களுடைய கடமையும் உண்டு. பாஸ் புத்தகத்தையும் பற்றுச்சீட்டுகளையும் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து நனையாத பையில் வையுங்கள். பிள்ளைகளின் தொலைபேசியில் அவற்றைப் படம் எடுத்து வையுங்கள். அட்டை மாறியிருந்தால் பழைய இலக்கம், புதிய இலக்கம் இரண்டையும் அலுவலகத்தில் சொல்லுங்கள். மேன்முறையீடு கொடுத்தால் திகதியிட்ட சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தனியே போக வேண்டாம். பக்கத்து வீட்டுக்கும் இதே பிழை வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். பிரித்தானியாவில் அந்தப் பொறுப்பாளர்களை மீட்டது, தனக்கு மட்டும் வந்த பிழை என்று எண்ணியிருந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டதுதான். கணக்கெழுதும் பிள்ளையைச் சந்தேகிக்குமுன் அவரையும் உங்களில் ஒருவராக எண்ணுங்கள்.

1867 இல் கண்டிக்கு ரயில் வந்தது. நீராவி எஞ்சின் ஓடிய நாட்களில், றம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும் வண்டிக்குப் பின்னால் இன்னோர் எஞ்சினைப் பூட்டித் தள்ளுவார்கள். பெட்டிகள் எல்லாம் ஏற்றம் ஏறி முடியும்வரை அதைக் கழற்ற மாட்டார்கள். கழற்றினால் வண்டி பின்னோக்கி உருளும், முதலில் அடிபடுபவர் கடைசிப் பெட்டியில் இருப்பவர். பழைய பேரேடு அந்தப் பின் எஞ்சின். அந்தத் தாயைப் போன்றவர்கள் தங்கள் பெயரையும் காசையும் புதிய கணக்கில் தங்கள் கண்ணால் கண்ட பின்பே அதை மூடலாம். அதுவரை மூட விடாதீர்கள்.